வால்வுக்கு நேர் எதிரே

மோட்டார் சைக்கிளின் டயரை வீட்டிலேயே மாற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் லீவர் போட, இன்னொருவர் டயரின் மேல் ஏறி நிற்க. ஏறி நிற்பவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. காட்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தால் போதும். எங்கள் வீட்டில் நான் லீவர் போடுவேன், என் மனைவி ஏறி நிற்பாள்.

பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் பிற்பகுதி. வீட்டின் முன்பாதியில் வீட்டுக்கார அம்மா, பின்பாதியில் நாங்கள். இரண்டு பாதிக்கும் பொதுவாகப் பக்கவாட்டில் சிமெண்ட் தரை போட்ட நடை ஒன்று உண்டு. கூரை இல்லாததால் பகல் முழுக்க வெளிச்சம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு வேலை செய்ய அது நல்ல இடம்.

நான் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். பிறர் செய்த சாமான்களை அளந்து பார்த்து, எடு என்றோ தள்ளு என்றோ சொல்வது என் வேலை. அந்தப் பழக்கத்தில் என் வண்டிச் சக்கரத்தை பஞ்சர் கடையில் கொடுக்க மனம் வராது. கடையில் லீவரை வெறும் ரிம்மின் மேல் வைத்து நெம்புவார்கள், பளபளப்பில் கீறல் விழும். நான் பழைய ஆயில் டப்பாவிலிருந்து வெட்டியெடுத்த பிளாஸ்டிக் துண்டுகளை லீவருக்கு அடியில் கொடுத்துத்தான் நெம்புவேன். லீவர்கள் மூன்றும் சமையலறையை ஒட்டிய சுவரில், ஒரு பலகையில் தொங்கும். எங்கள் தொழிற்சாலையில் எல்லாக் கருவிகளையும் அப்படித்தான் பலகையில் மாட்டிவைப்போம். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவம் கறுப்பு பெயிண்டில் வரையப்பட்டிருக்கும். கருவியை யாராவது எடுத்துப் போனால் பலகையில் அதன் கறுப்பு உருவம் மட்டும் நிற்கும். எது இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கல்யாணமான முதல் வருடத்தில், மனைவிக்கு உதவியாக இருக்கட்டும் என்று கரண்டிகளுக்கும் அப்படியொரு பலகை செய்து சமையலறையில் மாட்டினேன். அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

டயரின் உள்விளிம்புக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது. இழுத்தால் அது நீளாது. விளிம்பின் கடைசிப் பகுதியை ரிம்முக்குள் தள்ள வேண்டுமானால், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். அங்கே இறங்கினால்தான் இங்கே தளர்வு கிடைக்கும். கையால் அழுத்தினால் இறங்கும், கையை எடுத்ததும் மேலே வந்துவிடும். அதற்குத்தான் இன்னொரு ஆள். கடைசிப் பகுதி வால்வு இருக்கும் இடத்தில் முடிவதுதான் முறை என்பதால், என் மனைவியின் இடம் வால்வுக்கு நேர் எதிரே.

புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் பொதுவாகப் பேச்சு குறைவு. டயர் மேல் ஏறினால் மட்டும் அவள் நிறையப் பேசுவாள். குனிந்து லீவரைப் பிடித்திருக்கும் நான் எழுந்து போய்விட முடியாது என்பதனால் இருக்கலாம்.

"வீட்டுக்காரம்மா மருமக இந்தப் பொங்கலுக்கும் வரலையாம். தெரியுமா உங்களுக்கு?"

"ஆடாம நில்லு."

"நான் எங்க ஆடறேன்? உங்க டயர்தான் ஆடுது."

ஒரு மழைநாளில் ஏரிக்கரை வளைவில் பின்சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். டயர் நடுவில் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு இடது முழங்காலில் அடி. இன்றைக்கும் அந்தக் காலை ஊன்றி மண்டியிட முடியாது. ஆட்டோவில் ஏறும்போது, "டயர மாத்தற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அடுத்த வாரமே வேலூரிலிருந்து செய்தி வந்தது. அவளுடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, படுத்த படுக்கையாகிவிட்டார். மூன்று மாதம் பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனாள். மூன்று மாதம் ஒரு வருடமாகி, அதுவும் தாண்டியது. அவர் மெல்லத் தேறி எழுந்து உட்கார ஆரம்பித்தார். அவள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், போகத் தொடங்கினாள். நான் விடுமுறைக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே கூடத்தின் நடுவில் மாமனாரின் கட்டில். எங்கள் பேச்செல்லாம் அவருடைய மருந்தைப் பற்றியும் அவருக்குப் போடும் கஞ்சியைப் பற்றியும்தான்.

தேய்ந்த டயரை நான் மாற்றவில்லை. ஓட்டுபவன் ஒருவன், வளைவில் மெதுவாகப் போகிறவன். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்களுக்கு போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்கார அம்மாவின் எண்ணுக்குப் பேசுவாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பது எனக்குக் கேட்கும். இங்கே நான் பேச ஆரம்பித்ததும் வீட்டுக்கார அம்மா மரியாதைக்காக டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதனால் நான் பேசுவது கூடத்தில் எல்லோருக்கும் இன்னும் நன்றாகக் கேட்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள். "நான் ஒரு தடவ அங்க வரணும். உங்ககிட்ட பேசணும்."

"இப்பவே சொல்லேன்."

"போன்ல வேணாங்க. நேர்ல சொல்றேன். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வரேன்."

"வந்தா எத்தன நாள் இருப்ப?"

"வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கார அம்மாவின் குடும்பம் தலைமுறைகளாக பெங்களூரில் இருப்பது. தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே பேச்சாக வரும். "வர்றாங்களா சார் வீட்டம்மா? இனிமே இங்கதானே?" என்று கேட்டார்.

"தெரியலைம்மா. வந்து சொல்றேன்னா."

"டென்ஷன் பேடா, வேணாம் சார். வந்தவங்க எதுக்குத் திரும்பிப் போறாங்க? வீடுன்னா இதுதானே வீடு."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே இருக்கப் போகிறாள் அல்லது அங்கேயே இருக்கப் போகிறாள், இரண்டில் ஒன்றைச் சொல்லத்தான் வருகிறாள் என்பது மட்டும் புரிந்தது. அதைப் பற்றி நான் செய்யக்கூடியது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, டயரைத் தவிர. மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் புது டயரும் ட்யூபும் வாங்கினேன்.

புது டயர் விறைப்பாக இருக்கும். வெயிலில் போட்டு எடுத்தால் இளகும். அவள் வருவதற்கு முந்தைய ஞாயிறு காலையில் அதை மொட்டைமாடியில் வைத்துவிட்டு, வண்டியை நடையில் நிறுத்தி, செயினைக் கழற்றி, பின்சக்கரத்தை உருவினேன். பழைய டயர் எளிதாகவே வந்துவிட்டது. ரிம்மைத் துடைத்தேன். ஸ்போக்ஸ் கம்பிகளின் முனை ட்யூபைக் குத்தாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் நாடா இருக்கும், அதைத் தடவிப் பார்த்து நேராக்கினேன். துணி சோப்பை ஒரு மக்கில் கரைத்துவைத்தேன். ட்யூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் பவுடர் பூச வேண்டும். வழக்கமாக முகத்துக்குப் போடும் பவுடர்தான் பூசுவோம். என்னிடம் பவுடர் கிடையாது. அலமாரியில் அவளுடைய டப்பா இருந்தது. போகும்போது விட்டுப்போனது, கால் பங்கு மீதி இருந்தது. தட்டியதும் நடை முழுக்க அந்த வாசனை பரவியது. கொஞ்ச நேரம் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பக்க விளிம்பு கையாலேயே ஏறிவிட்டது. இரண்டாவது பக்கம் முக்கால்வாசி போனதும் நின்றது. வால்வுக்கு நேர் எதிரே ஆள் வேண்டும். இடது முழங்காலை அங்கே ஊன்றிப் பார்த்தேன், ஊன்ற முடியவில்லை. வலது முழங்காலை ஊன்றினால் வால்வுப் பக்கம் கை எட்டவில்லை. தண்ணீர்க் குடத்தை வைத்துப் பார்த்தேன், வழுக்கிச் சாய்ந்தது. அப்போதுதான் சமையலறையில் இருந்த இரண்டாவது கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வந்தது. தனி ஆளுக்கு ஒரு சிலிண்டர் வெகு நாள் வரும். மற்றது மாதக்கணக்கில் சீல் பிரிக்காமலேயே இருந்தது. அதை உருட்டிக்கொண்டு வந்து, தூக்கி, டயரின் மேல் நிறுத்தினேன். நல்ல எடை. விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ! என்ன சார் இது, டயர் மேல சிலிண்டரு? ஃபுல் சிலிண்டரா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. சும்மா எடைக்கு."

"எடைக்கா? எடைக்குக் கூப்பிட்டிருந்தா நான் வந்து நின்னிருப்பேனே! மூணு ஆளு எடை இருக்கேன். வீடு வெடிச்சா வாடகை யாரு சார் குடுப்பாங்க?"

"இதோ, ஆச்சும்மா."

"ஏனு சார் நீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவசரம் அவளை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவதற்குத்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

விளிம்பு உள்ளே போனது. சிலிண்டரை இறக்கி வைத்தேன். வால்வின் அடியில் ஒரு சிறு நட் உண்டு. எதையும் தளர்வாக விட எனக்குப் பிடிக்காது. நட்டை ரிம்மோடு ஒட்ட முடுக்கினேன். பம்பை மாட்டப் போகும்போது முன்வீட்டில் போன் அடித்தது. எனக்குத்தான். அவள் பேசினாள். அடுத்த ஞாயிறு காலை ரயிலில் வருவதாகவும், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவதாகவும் சொன்னாள்.

"ஆட்டோ வேணாம், நான் வரேன். டயர மாத்திட்டேன்" என்றேன்.

"மாத்திட்டீங்களா? தனியாவா?" என்று சிரித்தாள். "யாரு ஏறி நின்னாங்க?"

"யாருமில்ல."

வெகு நாளாகக் கேட்காத சிரிப்பு அது. திரும்பி வந்து காற்று அடித்தேன். டயரின் விளிம்பு ரிம்மின் ஓரத்தில் போய் உட்காரும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டது. டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். டயர் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் இடையே எங்கும் ஒரே இடைவெளி இருக்கும். அதைச் சுற்றிப் பார்க்காமல் நான் சக்கரத்தை மாட்டியதே கிடையாது. அன்றைக்குப் பார்க்கவில்லை. சிரிப்பைக் கேட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த ஒரு வேலை விட்டுப்போயிற்று.

அந்த வாரம் முழுக்க அதே டயரில் தொழிற்சாலைக்குப் போய் வந்தேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் அவள் இறங்கியபோது தோளில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. ஒரு புடவைகூட மடித்து வைக்க முடியாத பை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் கறுத்திருந்தாள். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து, டயரின் பள்ளங்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெஜமாவே புதுசுதான்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

ஏரிக்கரைச் சாலைக்கு வந்ததும் முதுகில் தட்டினாள். "என்னங்க, பின்னாடி குதிக்குது."

"ரோடு அப்படி."

"ரோடு இல்லீங்க. ரோடு குதிச்சா ஒவ்வொரு மாதிரி குதிக்கும். இது ஒரே மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது. டொக்கு, டொக்குன்னு."

ஓரமாக நிறுத்தினேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். கோடு சீராக வந்துகொண்டே இருந்தது. வால்வு இருக்கும் இடத்துக்கு வந்ததும் ரிம்முக்குள் அமிழ்ந்து காணாமல் போனது. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு டயர் உட்காரவே இல்லை. ஓட்டுபவன் உட்கார்ந்திருப்பது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில். பின்னால் உட்கார்பவர்தான் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறார். அந்த வாரம் முழுக்கச் சக்கரம் குதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை.

"வீட்டுக்குப் போயி கழட்டிப் பாக்கறேன்" என்றேன்.

"சாயங்கால வண்டிக்கு என்னைக் கொண்டுவந்து விடணும். அதுக்குள்ள ஆயிடுமா?"

சாயங்கால வண்டி என்று அப்போதுதான் முதல் தடவை சொன்னாள். ஆகிவிடும் என்றேன்.

வீட்டில் அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். சாதம் வைத்து, இருந்த கத்திரிக்காயைப் போட்டு சாம்பார் செய்தாள். நான் நடையில் சக்கரத்தைக் கழற்றினேன். காற்றை இறக்கி, வால்வு நட்டைத் தளர்த்தியதுமே காரணம் தெரிந்துவிட்டது. வால்வின் அடியில் ட்யூப் தடிமனாக இருக்கும். நான் நட்டை முடுக்கியபோது அந்தத் தடிமனான பகுதி கீழே இழுபட்டு டயர் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பு அதன் மேலேயே ஏறி நின்றுவிட்டது. நட்டைத் தளர்வாக விட்டு, வால்வை உள்ளே ஒரு தடவை அமுக்கிவிட்டுக் காற்று அடித்திருந்தால் இது நடந்திருக்காது. இப்போதும் அப்படிச் செய்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு வாரம் நசுங்கிய ட்யூபில் வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் மூட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பக்க விளிம்பை வெளியே எடுத்து ட்யூபை உருவிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "என்ன வாசனை இது? என் பவுடரா?"

"ட்யூபுக்குப் பூச வேற இல்ல."

ட்யூபை உள்ளே விட்டு, விளிம்பை ஏற்றிக்கொண்டு வந்தேன், வழக்கமான இடத்தில் அது நின்றது. சிலிண்டரை எடுக்க எழுந்தபோது, "ஏறட்டுமா?" என்றாள்.

"ம்."

புடவையைச் செருகிக்கொண்டு ஏறி நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். விளிம்பு இறங்கியது. ஒரு லீவரை வலது முழங்காலுக்கு அடியில் அடக்கினேன். மற்ற இரண்டும் இரண்டு கைகளில். கடைசித் துண்டு ரிம்மின் மேல் பாதி ஏறி நின்றது. இந்த வேலையில் கஷ்டமான நேரம் அதுதான். கையை விட்டால் லீவர் துள்ளி முகத்தில் அடிக்கும்.

"நான் அங்கேயே இருந்துடலாம்னு இருக்கேங்க" என்றாள்.

என்னால் நிமிர முடியவில்லை. கண்ணுக்கு நேரே அவளுடைய பாதங்கள் மட்டும் இருந்தன. விரலில் மெட்டி இருந்தது. குதிகாலில் வெடிப்பு, அது புதிது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள்.

"அப்பாவுக்காகவா?"

"அப்பா இப்ப கோல் ஊனிட்டு தெருக்கோடி வரைக்கும் போறாரு. அவருக்காக இல்ல."

"அப்புறம் என்ன?"

"மொதல்ல அத உள்ள தள்ளுங்க. லீவர் துள்ளிடப் போகுது."

"நீ சொல்லு."

பாதம் ஒரு தடவை அசைந்து மறுபடி ஊன்றியது. "இங்க ஒரு கரண்டிய எடுத்தா, பலகையில அதோட உருவம் கறுப்பா நிக்குது. எப்ப கொண்டாந்து வெப்பேன்னு என்னையே பாத்துட்டு நிக்கும். மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பாமலே சமைக்க ஆரம்பிச்சேன். அங்க வெச்ச எடத்துல ஒண்ணும் இருக்காது. தேடித் தேடித்தான் எடுக்கணும். எனக்கு அது நல்லா இருக்குங்க. ஸ்கூல்ல பசங்க அவ்ளோ சத்தம் போடுதுங்க, அதுவும் நல்லா இருக்கு."

"பலகையக் கழட்டிடறேன்."

"பலகை இல்லீங்க." குரல் தணிந்திருந்தது. "உங்க மேல தப்புன்னு சொல்ல வரல. நீங்க என்னை ஒரு வார்த்த கடிஞ்சு பேசினது கிடையாது. நான் ஊருக்குப் போனதும் எனக்கும் ஒண்ணு வரைஞ்சு வெச்சிருப்பீங்களோன்னு நெனச்சுப்பேன்."

நான் அழுத்தினேன். விளிம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. லீவர்கள் கையோடு வந்துவிட்டன. இனி அவள் நிற்கத் தேவையில்லை. நானும் இறங்கு என்று சொல்லவில்லை, அவளும் இறங்கவில்லை. முன்வீட்டில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எறங்கட்டுமா?" என்றாள்.

"ம்."

இந்தத் தடவை நட்டை முடுக்கவில்லை. வால்வை உள்ளே அமுக்கி, விளிம்பு முழுக்க மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி, காற்று அடித்தேன். ஒரு 'டப்', கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'. அவள் உட்கார்ந்து சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்து மெல்ல உருட்டிக் காட்டினாள். கோடு எங்கும் அமிழவில்லை.

"போய் ஸ்கேல எடுத்துட்டு வாங்க. அளக்காம உங்களுக்குச் சோறு எறங்காது" என்றாள்.

எடுத்து வந்து அளந்தேன். சுற்றிலும் ஒரே அளவு.

சாப்பிடும்போது கேட்டேன். "நான் வேலூருக்கு வந்துட்டா?"

"வாங்க. ஞாயித்துக்கிழமையில வாங்க. வேலைய விட்டுட்டெல்லாம் வர வேணாம்." இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள். "வந்தா சொல்லிட்டு வாங்க. கத்திரிக்கா வாங்கி வெப்பேன்."

கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றிருந்தார். துணிப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, இன்னைக்கேவா? ஸ்வல்ப காபியாச்சும் குடிச்சிட்டுப் போ."

"வண்டிக்கு நேரமாச்சும்மா. நாளைக்கு ஸ்கூல் இருக்கு."

"டயர் மேல சிலிண்டர் வெக்கறாரும்மா உங்க வீட்டுக்காரரு. பாத்துக்கோ."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஏரிக்கரைச் சாலையில் மெதுவாகத்தான் போனேன். ஸ்டேஷன் வாசலில் இறங்கி, புடவையைச் சரிசெய்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏதாவது சொல்வாள் என்று வண்டியை அணைக்காமல் நின்றேன். "இப்ப குதிக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்குத் திரும்பிப் பாத்திரங்களைக் கழுவ எடுத்தபோது பார்த்தேன். சாம்பார் கரண்டியைக் கழுவி, ஜல்லிக்கரண்டியின் உருவத்தின் மேல் மாட்டியிருந்தாள். தெரிந்து செய்தாளா, மறந்து மாட்டினாளா என்று தெரியவில்லை. அன்றைக்கு அப்படியே விட்டேன். மறுநாள் காலை எடுத்து அதன் இடத்தில் மாட்டினேன்.

முதலில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போனேன். பிறகு பண்டிகைகளுக்கு. மாமனார் இறந்தபோது போய்ப் பத்து நாள் இருந்தேன். அவள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டாள். சொந்தக்காரர்கள் கேட்டால் அவளுக்கு அங்கே வேலை, எனக்கு இங்கே வேலை என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வண்டியை நான் மாற்றவில்லை. டயர் தேயத் தேய, அதே நடையில், சிலிண்டர் வைத்து நானே மாற்றுகிறேன். முன்வீட்டிலிருந்து இப்போது யாரும் பதறிக்கொண்டு எட்டிப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. நட்டைத் தளர்வாக விடுகிறேன். கோட்டை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் புது டயர் போட்ட வாரத்தில், சாலையோரம் யாராவது கை நீட்டினால் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறேன். மற்ற வாரங்களில் அப்படி நிறுத்துகிற ஆள் இல்லை நான்.

போன தடவை ஏறியவர் கையில் டிபன் பையோடு மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு ஆள், என் வயதுதான் இருக்கும். ஏரிக்கரை முழுக்கப் பேசாமல் வந்தார். மார்க்கெட் முனையில் இறக்கிவிட்டு அவரைக் கேட்டேன்.

"பின்னாடி ஏதாவது குதிச்சுதா?"

"என்னது சார்?"

"பின்சக்கரம். ஒரே மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுதா?"

அவர் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லியே சார். நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க போற வேகத்துக்கு எது சார் குதிக்கும்?" என்று சிரித்துவிட்டு, பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி மழையில் ஓடினார்.